துண்டில்லாமல் பேசிய ஆட்காட்டி

அந்தக் காலத்தில் மலைகளுக்கு வாய் இருந்தது. வாய் இருந்ததால் பேச்சும் இருந்தது. மாடு, ஆமை, மனிதன், மலை எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்லி யாரும் நழுவ முடியாது.

அப்போது கொதிமலை என்று ஒரு மலை இருந்தது. நல்ல மலை. வயிறு மட்டும் சரியில்லை. உள்ளே எந்நேரமும் ஏதாவது கொதித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கொதித்தால் புகை விடும். கூடக் கொதித்தால் ஏப்பம் விடும், ஏப்பத்தோடு சாம்பல் பறக்கும். அந்தச் சாம்பல் விழுந்த நிலத்தில் சோளம் விதைத்தால் ஆளை மறைக்கும். அதற்காகத்தான் ஜனங்கள் அடிவாரத்தில் வந்து குடியேறினார்கள். பாறைக்கு அடியிலிருந்து அங்கே வெந்நீர் ஊறிக் குளமாக நின்றதால் ஊருக்கு வெந்நீர்ப்பட்டி என்று பெயர். இருமல் உண்டு, கண் எரிச்சல் உண்டு, துவைத்த துணி காய்வதற்குள் கறுத்துவிடும். ஆனாலும் யாரும் கிளம்பமாட்டார்கள். சோறு போடுகிற இடத்தை விட்டு எங்கே போவது?

சோளம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரை நிஜமாகத் தூக்கி நிறுத்தியது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான். புகை விடுகிற மலையைப் பார்க்கக் கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் சுமந்துகொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். காட்டிலிருந்து யானைகள் ஜோடி ஜோடியாகத் தேனடையோடு வந்தன. மூட்டுவலிக்காரக் கொக்குகள் வந்து வெந்நீர்க் குளத்தில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றன. ஓர் ஆமை, போன அறுப்புக்கு நடந்த வேடிக்கையைப் பார்க்கக் கிளம்பி இந்த அறுப்புக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் முதலில், நல்ல இடம் எல்லாம் போய்விட்டதா என்றுதான் கேட்டது.

மலையின் வாய்க்குக் கொஞ்சம் கீழே செம்பாயி என்ற பெண் கடை போட்டிருந்தாள். பனங்கிழங்கு விற்பாள். அடுப்பு இல்லை, விறகு இல்லை. மலை கக்கிய சூட்டுச் சாம்பலில் கிழங்கைப் புதைத்து எடுத்தால் தோல் தானாகக் கழலும். மலையே சுட்டுக் கொடுத்த கிழங்கு என்று கூவுவாள். அவளுக்குக் கீழே வெந்நீர்க் குளம். அதற்குக் காவல் ஓர் எருமை. குளிக்க வருகிறவர்களிடம் புல்லும் தவிடும் வாங்கிக்கொண்டு உள்ளே விடும். அதற்கும் கீழே ஊரும் சந்தையும். சந்தைத் தலைவர் கொம்பையன். வருகிறவர்களுக்குத் தங்க இடம், தின்னத் தீனி, திரும்பிப் போக வழித்துணை எல்லாம் அவர் ஏற்பாடு. சந்தைக்கு அந்தப்பக்கம் ஒரு புளியந்தோப்பு. தோப்பையும் தாண்டி, இன்னும் அவ்வளவு தூரம் நடந்தால் ஆறு.

வெந்நீர்ப்பட்டிக்காரர்கள் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. கேட்ட விலைக்கு எதையும் கொடுத்ததும் இல்லை. எதைச் சொன்னாலும் பாதியிலிருந்துதான் தொடங்குவார்கள். இது சந்தையோடு நின்றிருந்தால் குற்றமே இல்லை. முதலில் சொன்ன விலையைக் கேட்டுத் தலையாட்டுகிறவனுக்கு அடுத்த வேளைச் சோறு எப்படி வரும்? ஆனால் அது சந்தையோடு நிற்கவில்லை. வைத்தியர் இரண்டு வேளை பட்டினி கிட என்றால், ஒரு வேளையாக வையுங்கள் என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் வயதைக் குறைக்கச் சொன்னவர்களும் உண்டு.

இன்னொரு பழக்கமும் இருந்தது. விலையை வாயால் சொல்லக் கூடாது. இருவர் கைக்கும் மேலே ஒரு துண்டைப் போடுவார்கள். துண்டுக்குள் விரலைத் தொட்டுத்தான் பேரம். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு காதோடு பேசுவார்கள். உனக்குக் கொடுத்தது பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியக் கூடாது. சந்தையே ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குத்தான் நடந்தது.

இப்படிப்பட்ட ஊரில் தரகு பேசுகிறவருக்கு எவ்வளவு மரியாதை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே தரகு பேசியது ஒரு பறவை. இன்று நாம் ஆட்காட்டி என்கிறோமே, அவள்தான். அன்று அவளுக்குத் தரகுக்காரி என்று பெயர். வெள்ளையும் பழுப்புமாக, சுத்தமாக இருப்பாள். குரல் பஞ்சு மாதிரி. துண்டுக்குள் காலை நீட்டி, எதிராளியின் உள்ளங்கையில் கால் விரலை அழுத்துவாள். இரண்டு அழுத்தலில் முடியாத பேரத்தைக் காதோடு காதாக முடித்துவிடுவாள். அவள் பேசியதை மூன்றாவது ஆள் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

மலைக்கும் ஊருக்கும் நடுவிலும் அவள்தான். யானைகள் வந்து காத்திருந்தால் அவள் உச்சிக்குப் பறந்து போய், "அண்ணே, தூரத்திலிருந்து வந்திருக்காங்க. கொஞ்சம் புகை விடுங்களேன்" என்பாள்.

"நேத்துத்தானே தங்கச்சி விட்டேன்" என்று மலை சலித்துக்கொள்ளும். ஆனாலும் விடும். யானைகள் தும்பிக்கையைத் தூக்கி ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிக் கிழங்கு வாங்கும். எல்லாருக்கும் சந்தோஷம்.

சோளம் அறுத்து முடிந்து கூட்டம் பெருத்திருந்த ஒரு காலையில் மலை அவளைக் கூப்பிட்டது. குரல் அடியிலிருந்து வந்தது.

"தங்கச்சி, இந்தத் தடவை ஏப்பம் இல்லை. வாந்தி."

"என்னண்ணே சொல்றீங்க?"

"உள்ளே இருக்கிறது மொத்தமும் வெளியே வரப் போகுது. நெருப்பா வரும். ஒரு ஆள் விடாம ஆத்தைத் தாண்டச் சொல்லு."

தரகுக்காரிக்கு முதலில் தோன்றியது கூட்டத்தின் நினைப்புத்தான். "அண்ணே, கூட்டம் இப்பத்தான் சேர்ந்திருக்கு. இவங்க கிளம்பின பிறகு வச்சுக்கலாமா?"

"வாந்தியை யாராவது தள்ளி வைப்பாங்களா?" என்றது மலை. அது கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டது. "பொழுது சாயும்வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ வந்து, எல்லாரும் போயாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பேன்."

தரகுக்காரி நேரே கொம்பையனிடம் போனாள். அவர் துண்டை விரித்தார். இருவரும் தலையை உள்ளே விட்டுக்கொண்டார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"ஆறா?" என்றார். "ஆத்தைத் தாண்டிட்டா வந்தவன் அப்படியே வீட்டுக்குப் போயிடுவான். ஒருத்தன்கூடத் திரும்பமாட்டான்."

"மலை அப்படித்தான் சொல்லுது தலைவரே."

"சொல்லும். சொல்றவங்க கூட்டித்தான் சொல்வாங்க. ஆறுன்னு சொன்னா தோப்புன்னு அர்த்தம். இத்தனை வருஷம் தரகு பேசுறே, இது உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளுக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். புளியந்தோப்பு ஊருக்கும் ஆற்றுக்கும் சரிபாதியில் இருந்தது. போதாததற்கு அந்தத் தோப்பில்தான் அவள் கூடு கட்டி முட்டையிட்டிருந்தாள். தன் முட்டைகளை இருந்த இடத்திலேயே விட்டு வைக்க முடிகிற தூரம் என்றால் அது மற்றவர்களுக்கும் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. கொம்பையனின் உள்ளங்கையில் விரலை அழுத்தினாள். முடிந்தது பேரம். மலைச் சரிவில் இருக்கிறவர்களும் சந்தையில் இருக்கிறவர்களும் சத்தமில்லாமல் தோப்புக்கு இறங்கிவிட வேண்டும். காரணம் யாருக்கும் சொல்லக் கூடாது. நிழலில் விருந்து என்று சொல்லிக்கொள்ளலாம். மேலே இருக்கிறவர்கள் இறங்கி வந்த பிறகுதான் சந்தை கிளம்பும்.

அவள் குளத்துக்குப் பறந்தாள். எருமையின் காதுக்குள் தோப்பு என்றாள்.

எருமை அசை போட்டபடி யோசித்தது. "கொக்குங்க இப்பத்தான் இறங்கியிருக்கு. தோப்பெல்லாம் தூரம். சந்தை வரைக்கும் வேணும்னா வர்றேன். அதுவும் வெயில் தணியட்டும்."

அவள் கொஞ்சம் பேசிப் பார்த்தாள். பேசியதில், வெயில் தணிவதற்கு முன்னால் என்று முடிந்தது. தரகில் இதுவும் ஓர் இறக்கம்தானே என்று அவள் ஏற்றுக்கொண்டாள்.

எருமைக்குச் சந்தை போதும் என்றால் செம்பாயிக்குக் குளம் போதும் என்று நினைத்தபடி செம்பாயியிடம் போனாள். "குளத்துக்கு இறங்கிடு" என்று காதோடு சொன்னாள்.

செம்பாயி கிழங்கைப் புரட்டியபடியே கேட்டாள். "கொம்பையனுக்கு என் இடம் வேணுமாக்கும். யாருக்குக் கேக்குறார்? அவர் மச்சினனுக்கா?"

"அதெல்லாம் இல்லை. மலைக்கு உடம்பு சரியில்லை."

"அதுக்கு என்னைக்கு உடம்பு சரியா இருந்துச்சு? உடம்பு சரியில்லாததாலதானே நீயும் நானும் சாப்பிடுறோம்." செம்பாயி ஒரு கிழங்கை உடைத்து அவள் முன்னால் போட்டாள். "உனக்காக ஒண்ணு பண்றேன். அந்தப் பாறை வரைக்கும் கடையைத் தள்ளிப் போட்டுக்கிறேன். அதுக்கு மேல கேக்காதே."

பாறை கூப்பிடு தூரம்கூட இல்லை. கிழங்குக் கூடையை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

ஆறு தோப்பாயிற்று. தோப்பு சந்தையாயிற்று. சந்தை குளமாயிற்று. குளம் பாறையாயிற்று. ஆளுக்கு ஆள் பாதி பாதியாகக் குறைத்ததில் கடைசியில் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை என்பதை அந்தப் பறவை கூட்டிப் பார்க்கவே இல்லை. மூன்று பேரத்தையும் முடித்துவிட்ட நிறைவு அவள் கண்ணை மறைத்தது. தரகு பேசுகிறவர்களுக்கு வருகிற வியாதி அது. கை குலுக்கியாகிவிட்டால் சரக்கு வந்து சேர்ந்த மாதிரியே இருக்கும்.

மத்தியானம் தாண்டி அவள் உச்சிக்குப் போனாள். மலை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பாறைகளுக்கு நடுவே வியர்வை மாதிரி ஆவி கசிந்தது. தரை நடுங்கியது.

"போயாச்சா தங்கச்சி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மலை இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கும். அவள் திரும்பவும் கொம்பையனிடம் போயிருப்பாள், அவர் திரும்பவும் துண்டை விரித்திருப்பார், முடிந்த பேரத்தை உடைத்த தரகுக்காரி என்று பெயராகியிருக்கும். மலை படுகிற பாட்டைப் பார்க்கவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஆம் சொல்லிவிட்டால் நடுவில் மிச்சமிருப்பது எப்படியாவது சரியாகிவிடும். இதுவரை அப்படித்தான் ஆகியிருக்கிறது.

"ஆச்சுண்ணே" என்றாள்.

"ஆத்தைத் தாண்டியாச்சா?"

அவள் ஒரு தடவை கீழே ஊரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தாண்டியாச்சு" என்றாள்.

"உன் வார்த்தையை நம்பி விடுறேன்" என்று சொல்லிவிட்டு மலை வாயைத் திறந்தது.

முதலில் வந்தது ஒரே ஒரு கல். பழுத்துச் சிவந்த கல். அது செம்பாயியின் கடைக்கு மேலே பறந்தது. குளத்தைத் தாண்டியது. சந்தையைத் தாண்டியது. புளியந்தோப்பின் நடுவில் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து புகை எழுந்தது.

அவள் தன் கூடு இருந்த கிளையைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பக்கம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது.

மலை கூட்டிச் சொல்லவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அதற்குப் பேரம் தெரியாது. ஆறு என்றால் ஆறுதான்.

கீழே வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆரவாரம் செய்தது. இந்த வருஷம் கல்லெல்லாம் விடுகிறதே என்று கடற்கரைக்காரர் ஒருவர் தன் பெண்டாட்டியிடம் சொன்னார். யானைகள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வந்தன, நன்றாகத் தெரியட்டும் என்று.

தரகுக்காரி செம்பாயியின் தோளில் போய் விழுந்தாள். காதில் வாயை வைத்து, "ஓடு, ஆத்தைத் தாண்டு" என்றாள்.

செம்பாயி தலையைச் சாய்த்து, அதே மெதுவான குரலில் கேட்டாள். "எவ்வளவு தர்றாராம்?"

எருமையிடம் போனாள். காதோடு சொன்னாள். "காலையிலே சந்தைன்னு முடிஞ்சுது. இப்ப ஆறுங்கிறே. ஏத்துறதுக்கும் ஒரு அளவு இல்லையா?" என்றது எருமை. ஒரு கொக்கிடம் சொன்னாள். கொக்கு அந்த ரகசியத்தைப் பத்திரமாகத் தன்னோடு வைத்துக்கொண்டு, பக்கத்துக் கொக்குக்குக்கூடச் சொல்லாமல் நல்ல இடத்துக்கு நகர்ந்து நின்றது. காதில் சொன்ன எதுவும் அந்த ஊரில் இன்னொருவர் காதுக்குப் போகாது. அப்படித்தான் அவள் அவர்களைப் பழக்கி வைத்திருந்தாள்.

அவள் மேலே எழும்பினாள். கூட்டத்துக்கும் மலையின் வாய்க்கும் நடுவில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தாள். கத்தினாள்.

அது நல்ல குரலாக வரவில்லை. உடைந்த குரல். துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்த மாதிரி. ஆனால் ஊர் முழுக்கக் கேட்டது.

"அண்ணே, வாயை மூடுங்க. நான் பொய் சொல்லிட்டேன். ஒருத்தரும் போகலை. எல்லாரும் இங்கேதான் இருக்காங்க."

சந்தை அடங்கிப்போனது. தராசைப் பிடித்திருந்த கைகள் அப்படியே நின்றன. தரகுக்காரியின் குரல் இப்படி இருக்கும் என்றே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

"தோப்புன்னு சொன்னதும் பொய்" என்று அவள் கொம்பையனைப் பார்த்துக் கத்தினாள். "தோப்பு எரிஞ்சுபோச்சு. என் கூடும் போச்சு. ஆத்தைத் தாண்டுங்க. குறைக்காதீங்க. ஆறு."

செம்பாயி கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டாள்.

"துண்டில்லாம பேசுது" என்றாள். "அப்ப இது யாவாரம் இல்லை."

கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே, கிழங்கு விற்கிற அதே தொண்டையில், "ஆத்துக்கு, ஆத்துக்கு" என்று கூவினாள். அவள் கூடையை விட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்ததும் சந்தைக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. எருமை குளத்திலிருந்து எழுந்தது. யானைகள் திரும்பின; நடக்க முடியாதவர்களைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டன. கொம்பையன் ஒரு கணம் தன் கடைகளைப் பார்த்தார். பிறகு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, வழியில் நகர்ந்துகொண்டிருந்த ஆமையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். நல்ல இடமாகக் கிடைத்துவிட்டது என்றது ஆமை.

மலை வாயை மூடப் பார்த்தது. முடியவில்லை. பல் இடுக்கில் நெருப்பு வழிந்தது.

"பொய் சொன்னியா தங்கச்சி?"

"சொன்னேன்."

"இன்னும் எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

வேறு நாளாக இருந்தால் கூட்டிக் கேட்டிருப்பாள். அப்போதுதான் குறைத்தாலும் தாங்கும். அன்று அப்படிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. "தெரியலை. கடைசி ஆள் தாண்டுறதை நான் பார்த்துச் சொல்றேன். இங்கேயே இருக்கேன்."

மலையின் உதட்டில் இறங்கி நின்றாள். அது கந்தகம் கசிகிற இடம். காலடியில் மஞ்சளாகக் குழைந்து ஒட்டியது. வாய் இடுக்கிலிருந்து வந்த புகை அவள் கழுத்திலும் மார்பிலும் கரியாகப் படிந்தது. பறந்து வந்த ஒரு தணல் கண்ணுக்குப் பக்கத்தில் பட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது பின்தங்கினால் அவர்களைப் பார்த்துக் கத்தினாள். மலை முனகினால் மலையிடம் திரும்பி, இன்னும் இருக்காங்க, இன்னும் இருக்காங்க என்று கத்தினாள்.

"இப்ப யார் பாக்கி?"

"கொம்பையன். தலையிலே ஆமை இருக்கு, அதனால மெதுவா வர்றார்."

"அந்த ஆமையை யார் வரச் சொன்னது?" என்று மலை பல்லைக் கடித்தபடியே கேட்டது.

கொம்பையன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். தடுமாறினார். செம்பாயி மறு கரையிலிருந்து கை நீட்டி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் கரையேறி உட்கார்ந்தார்.

"ஆச்சுண்ணே" என்று ஆட்காட்டி கத்தினாள். "இப்ப விடுங்க."

மலை விட்டது. பொழுது சாயும்போது வெந்நீர்க் குளம் இல்லை. சந்தை இருந்த இடம் கறுத்துக் குழம்பாக நகர்ந்துகொண்டிருந்தது. தோப்பின் கடைசி மரம்வரை போய், ஆற்றில் வாய் வைத்து, உஸ்ஸென்று ஆவி விட்டு நெருப்பு அடங்கியது. ஆட்காட்டியின் முட்டைகளைத் தவிர ஒரு உயிர்கூடப் போகவில்லை. மறு கரையில் எல்லாரும் தலையிலிருந்து கால்வரை சாம்பலாக உட்கார்ந்திருந்தார்கள். யானை யார், எருமை யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குழம்பு ஆறி இறுகப் பல காலம் ஆயிற்று. அதன்மேல் சாம்பல் படிந்தது, மழை பெய்தது, புல் வந்தது, சோளமும் வந்தது. முன்னைவிட உயரமாக வந்தது. ஜனங்களும் திரும்பி வந்தார்கள். பாறைக்கு அடியில் வேறோர் இடத்தில் வெந்நீர் ஊறியது. எருமை போய் அதன் வாசலில் படுத்துக்கொண்டது. உறைந்துபோன நெருப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று முன்பு வந்ததைவிடக் கூடுதலாகக் கூட்டம் வந்தது. எரிந்த ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கும் பசிக்கும் அல்லவா? செம்பாயி கிழங்கு சுட்டாள்.

ஆட்காட்டி மட்டும் வரவில்லை. ஆற்றுப் பக்கத்துக் கட்டாந்தரையில் தனியாகத் திரிந்தாள். கொம்பையனும் செம்பாயியும் அவளைத் தேடிப் போனார்கள். கால் மஞ்சள், கழுத்து கரி, கண்ணோரம் தணல் ஒட்டிய சிவப்பு. ஆற்றில் எவ்வளவு தேய்த்துக் குளித்தும் எதுவும் போகவில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே, வெறும் தரையில், முட்டை இட்டு அதன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மரத்திலே கூடு கட்டலையா?" என்று செம்பாயி கேட்டாள்.

"மரத்திலே இருந்தா காத்து ஆட்டுதா, மலை ஆட்டுதான்னு தெரிய மாட்டேங்குது" என்றாள் ஆட்காட்டி. குரல் அப்படியே இருந்தது. மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் அக்கரை வரைக்கும் கேட்டது. "தரையிலே வச்சா, உள்ளே அசையும்போது முட்டை முதல்லே சொல்லிடும்."

கொம்பையன் தோளிலிருந்து துண்டை எடுத்தார். பழக்கம்.

"அதை உள்ளே வைங்க தலைவரே. எனக்குக் காதோடு பேச வராது. வந்தாலும் பேசமாட்டேன்."

அவர் துண்டை மடித்தார். "ஊருக்கும் மலைக்கும் நடுவிலே நீதான் வேணும் தாயி. வேற யாரு சொன்னாலும் எங்களுக்குப் பேரம் பேசத்தான் தோணும்."

"சொல்றேன். ஆனா ஒருத்தருக்குன்னு சொல்லமாட்டேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் சொல்வேன். மலை அசைஞ்சாலும் கத்துவேன், தெரியாத ஆள் வந்தாலும் கத்துவேன், நிழல் நகர்ந்தாலும் கத்துவேன். எது பெரிசு எது சின்னதுன்னு நான் தரம் பிரிக்கமாட்டேன். ஒரு தடவை பிரிச்சது போதும். நான் கத்தினா நீங்க எழுந்திருக்கணும். அப்புறம்தான் ஏன்னு கேக்கணும்."

கொம்பையன் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாய் போனாலும் நரி போனாலும் எழுந்துகொண்டிருந்தால் எப்போது விற்பது, எப்போது வாங்குவது? வந்தவன் என்ன நினைப்பான்? பத்துத் தடவை கத்தினால் ஐந்து தடவை எழுந்தால் போதாதா? அது அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆட்காட்டி அவரைப் பார்த்தாள். செம்பாயியும் பார்த்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். "சரி" என்றார். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தார்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. ஆட்காட்டி இன்றும் மரத்தில் கூடு கட்டுவதில்லை, யார் வந்தாலும் போனாலும் குரலை இறக்குவதில்லை. கொதிமலை அடிவாரத்தில், எவ்வளவு பெரிய பேரமாக இருந்தாலும் சரி, அந்தக் குரல் கேட்டதும் துண்டுக்குள் இருக்கிற கைகள் வெளியே வந்துவிடுகின்றன. பாதி என்று யாரும் கேட்பதில்லை.